கயிறு பிடிக்க ஆளில்லாத ராசகுமாரன்

படத்துக்குக் கதை எழுதும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் அனுப்பிய கதைக் கட்டு கிடைத்தது. ஓய்வு பெற்றவனுக்குத் தபாலில் வருவது பெரும்பாலும் கலியாணக் கடிதமும் மரண அறிவித்தலும்தான். ஆகவே கட்டைப் பிரித்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். வரைந்த படங்கள் அசைந்து ஆடும் மாயக் கதை என்று எழுதியிருந்தீர்கள். பறக்கும் கட்டில், பேசும் மலை, கண்ணாடி அரண்மனை எல்லாம் இருந்தன. முதல் மூன்று இடங்களில் ‘அருமை’ என்று ஓரத்தில் எழுதினேன். நாலாவது இடத்தில் தூங்கிவிட்டேன்.

வயசு போனால் அப்படித்தான் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் இதே தூக்கத்தை நான் இருபத்திரண்டு வயதில் மற்றவர்களின் முகங்களில் பார்த்திருக்கிறேன். திடகாத்திரமான ஆட்கள், கடலின் அடிவரை போய் வருகிறவர்கள், என் முன்னால் வரிசையாகக் கொட்டாவி விட்டார்கள். உங்கள் கதையில் என்ன குறை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த மூன்று மாலைகள்தான்.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். படம் பேசத் தொடங்கவில்லை. திரையில் படம் ஊமையாக ஓட, பக்கத்தில் ஒருவன் நின்று கதை சொல்ல வேண்டும். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய ஒரு பயாஸ்கோப்பில் அந்த ஒருவன் நான். எனக்குச் சொந்த ஊர் பாப்பாமோட்டை. ஐயாவுக்கு வயலில் நெல் விளைந்தது, எனக்கு வாய் மட்டும் விளைந்தது. விளைந்ததை விற்கத்தானே வேண்டும், அதனால் முதலாளியிடம் போய்ச் சேர்ந்தேன். முதலாளி, நான், மெஷினைக் கையால் சுற்றும் ஒரு மனிதர், இவ்வளவும்தான் எங்கள் கொம்பனி. மெஷின்காரர் ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைதான் பேசுவார். அந்த ஏழெட்டில் ஆறு என்னை நக்கலடிப்பதற்குச் செலவாகும்.

அந்த வருடம் சிலாவத்துறைக் கரையில் முத்துச் சலாபம் கூடியது. முத்துக் குளிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்ததும் வெறும் மணலில் ஒரு பட்டணம் முளைத்துவிடும். குளிகாரர், வியாபாரிகள், சாப்பாட்டுக் கடைகள், துரைமாருக்கு வேலை பார்க்கக் கந்தோர், எல்லாம் ஓலையும் தடியும்தான். நாங்களும் போய்க் கூடாரம் அடித்தோம். வள்ளங்கள் நடுச்சாமம் தாண்டிக் கரைக்காற்றில் புறப்பட்டு மறுநாள் பின்னேரம் திரும்பும். அதனால் மாலை மஃரிபு தொழுகை முடிந்து கொஞ்சம் இருட்டியதும் படத்தைத் தொடங்கி, இராத் தொழுகையான இஷாவுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அதன்பிறகு யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

எந்தப் படம் என்பதில்தான் வில்லங்கம். முதலாளி சாமிப் படம் ஒன்றைக் கேட்டார். நான்தான், பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சோனக முஸ்லிம் ஆட்கள், யாரும் பார்த்திராத வரைந்த படம் ஒன்றை எடுப்போம் என்று தலைகீழாக நின்றேன். சீமையில் யாரோ ஆயிரக்கணக்கில் படம் கீறி அசைய விட்டிருந்தார்கள். நடுவில் வரும் எழுத்து என்ன பாஷை என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் அழகென்றால் அப்படி ஓர் அழகு. நிழல் மாதிரிக் கறுப்பு உருவங்கள், பின்னால் பூவும் மேகமும் அலையும். அழகாக இருந்தால் போதும், கதையை என் வாய் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

கதை இதுதான். ஒரு மந்திரவாதி ராசகுமாரியின் குரலைத் திருடிக் கடலுக்கடியில் சிப்பிக்குள் ஒளித்து வைக்கிறான். ஏன் திருடினான் என்று படம் சொல்லவில்லை. ஒரு ராசகுமாரன் அதைத் தேடிப் போகிறான். பசிக்கிற இடத்தில் ஒரு மாய மரம், வழி மறிக்கிற இடத்தில் ஒரு மாயச் செருப்பு, எதிரி வருகிற இடத்தில் ஒரு மாயப் பறவை, கேட்காமலே வந்து உதவுகின்றன. கடைசியில் கடலுக்குள் இறங்குகிறான். மூச்சு முட்டும்போது எங்கிருந்தோ ஒரு பெரிய மீன் வந்து அவனைத் தூக்கிவிடுகிறது. கலியாணம். எல்லாம் முடிந்த பிறகு, ராசகுமாரன் கடற்கரையில் தனியாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். சுபம்.

முதல் நாள் கூடாரம் நிறைந்திருந்தது. நானும் என் வாய்ச்சாலகம் முழுவதையும் அவிழ்த்து விட்டேன். முதல் கால் மணித்தியாலம் ஆவென்று பார்த்தார்கள். மாயச் செருப்பு வந்தபோது சிரித்தார்கள். மாயப் பறவை வந்தபோது முன்வரிசையில் ஒருவர், “இவனுக்கு ஒண்டும் நடக்காது, வெத்திலைய எடு” என்றார். அதுதான் முதல் கொட்டாவி. ராசகுமாரன் கடலுக்குள் குதித்து அடியில் நின்று நண்டோடு சாவகாசமாகக் கதைக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“தம்பி, கயிறு ஆர் பிடிக்கிறது?”

எனக்கு விளங்கவில்லை. “என்ன கயிறு?” என்று கேட்டேன்.

“இறங்கினவனுக்கு மேல கயிறு பிடிக்க ஆள் வேணுமே. இவ்வளவு நேரத்துக்கு ஆள் மூச்சு முட்டி மையத்து.”

கூடாரம் குலுங்கியது. அந்தச் சிரிப்போடு பாதிப் பேர் எழும்பிப் போய்விட்டார்கள். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நாளைக்கும் இப்பிடி எழும்பினா, நீ பாப்பாமோட்டைக்குப் போய் மாடு மேய்க்கலாம்” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. நல்ல யோசனை சொல்லுகிற குரலில் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கடையில் விசாரித்தேன். குளிகாரன் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான். வள்ளத்தில் ஒருவன் அவனுடைய கயிற்றைப் பிடித்திருப்பான். கீழிருந்து ஒரு சுண்டு வந்தால் மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் ஆள் இல்லை. அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். பெண்சாதியின் சகோதரன்தான் பிடிப்பான். தன் கூடப்பிறந்தவள் தாலி அறுப்பதை, அவர்கள் பாஷையில் இத்தா இருப்பதை, எந்தச் சகோதரன் விரும்புவான்? இதைக் கேட்டதும் எனக்குள் விளக்கு எரிந்தது. அப்படிப்பட்ட சகோதரனே கயிற்றை விட்டால்? எனக்குத் தேவையான வில்லன் கிடைத்துவிட்டான்.

படத்தில் ராசகுமாரனுக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய ஒரு சின்ன உருவம் ஆரம்பத்திலிருந்தே நடந்து வரும். அவனுக்குப் படத்தில் ஒரு வேலையும் இல்லை. ராசகுமாரன் கடலில் குதிக்கும்போது அவன் பாறையில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்குவான். அடுத்த காட்சியில் பாறை காலி. அதன்பிறகு அவனைக் காணவே காணோம். கீறியவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். இரண்டாம் நாள் மாலை நான் அவனை ராசகுமாரியின் சகோதரன் ஆக்கினேன். கயிறு அவன் கையில் என்றேன். கைகள் மேலே போன இடத்தில் குரலைத் தாழ்த்தி, “மச்சான் கயிற்றை விட்டான்” என்றேன்.

அந்த நிசப்தத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒருவரும் வெற்றிலையைத் தொடவில்லை, ஒருவரும் எழும்பவில்லை. முடிந்ததும் கைதட்டில் கூடாரம் அதிர்ந்தது. முதலாளி தன் கதிரையை என் பக்கம் தள்ளி, “இரு” என்றார். அந்தக் கதிரையில் அதுவரை அவரைத் தவிர யாரும் இருந்ததில்லை. நான் இருந்தேன், காலுக்கு மேல் காலும் போட்டேன். மெஷின்காரர் மட்டும் படச் சுருளைச் சுற்றிக்கொண்டே, “பாவம் அந்தத் தலப்பாக்காரன்” என்றார்.

பிள்ளைகளே, கைதட்டு விழுந்தால் கதை சரி என்று நினைக்காதீர்கள். கூட்டம் பயத்திலும் கண்ணை எடுக்காமல் பார்க்கும். எனக்கு அந்த வித்தியாசம் மறுநாள் பின்னேரம்தான் தெரிந்தது.

வள்ளங்கள் கரை தட்டிக் கொஞ்ச நேரத்தில், தலையில் முக்காட்டோடு ஒரு பெண் கூடாரத்துக்குள் வந்தாள். சபுறா என்று பெயர், சிலாவத்துறைதான். அவளுடைய புருசன் காசிம் குளிகாரன். அவளுடைய நானா, அதாவது அண்ணன், மீரான் அவனுக்குக் கயிறு பிடிக்கிறவன்.

“நீங்களா கதை சொல்லுறவர்?”

“ஓம்.”

“நேத்து உங்கட படத்தப் பாத்திட்டு வந்து, என்ட வீட்டுக்காரர் இண்டைக்கு வள்ளத்தில வச்சு நானாவப் பாத்து, ‘மச்சான், இண்டைக்கு நீ விடப்போறியோ’ எண்டு கேட்டிருக்கிறார். பகிடிக்குத்தான். வள்ளமே சிரிச்சிருக்கு. நானா சிரிக்கேல்ல.”

நான் ஒரு பெட்டியை இழுத்து வைத்தேன். அவள் இருக்கவில்லை.

“கரைக்கு வந்ததும் கயித்த மணலில போட்டிட்டார். இனித் தொடமாட்டாராம். என்ட வீட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேக்க வாய் வளையாது. நாளைக்கு ஆரோ கூலிக்காரன் கையில கயித்தக் குடுத்திட்டு இறங்கப்போறாராம். அந்தக் கூலிக்காரனுக்கு என்னை ஆரெண்டும் தெரியாது, என்ட பிள்ளையள் எத்தினை எண்டும் தெரியாது. அவன் என்னத்துக்குக் கெதியா இழுக்கோணும்?”

“தங்கச்சி, நான் பகிடியாத்தான்...” என்று தொடங்கினேன்.

“நீங்க போட்ட முடிச்சு. நீங்கதான் அவிழ்க்கோணும்” என்றாள். குரலை உயர்த்தவேயில்லை. திரும்பிப் போகும்போது, “இண்டைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாறன். நானாவ நீங்க கூப்பிடுங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அடுத்தவன் உயிரைக் கட்டியிருக்கிற கயிற்றை எடுத்து நான் வித்தை காட்டியிருக்கிறேன். ஒரு மாலைக் கைதட்டுக்காக ஓர் ஆளைக் கடலுக்குள் கைவிட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கலாம், அது சுலபம். ஆனால் மன்னிப்பு மீரானுக்கு மட்டும் கேட்கும். கதை கூடாரம் முழுக்கக் கேட்டுவிட்டதே. கதையால் கெட்டதைக் கதையால்தான் சீராக்க வேண்டும்.

மீரான் கரையில் காலியான வள்ளத்தின் நிழலில் குந்தியிருந்தான். என் வயதுதான் இருக்கும். உள்ளங்கை இரண்டும் கயிறு உராய்ந்து மரக்கட்டைபோல் இருந்தன.

“நான்தான் அந்தக் கதைக்காரன்” என்றேன்.

“தெரியும். என்னைக் கள்ளனாக்கினவர்.”

“ஒண்டு கேக்கிறன். கீழ ஆள் நிக்கேக்க, கயிறு பிடிக்கிறவன்ட கை வெறுங்கையா மேல போகுமோ? கயித்த விட்டாத் தவிர வேற என்னத்துக்குப் போகும்?”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நெல் விதைக்கிறவனுக்கு என்ன தெரியும் என்கிற பார்வை.

“கயிறு அறுந்தாப் போகும்” என்றான்.

“அறுந்தா என்ன செய்வியள்?”

“என்ன செய்யிறது? குதிக்கிறதுதான்.”

“உங்களுக்கு முத்துக் குளிக்கத் தெரியுமோ?”

“தெரியாட்டிக் குதிக்கப்படாதோ?” என்றான்.

நான் அப்படியே மணலில் இருந்துவிட்டேன். தூக்கிய கைகள், காலியான பாறை, எங்கிருந்தோ வந்த மீன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் மனதில் ஓடின. “மீரான் பாய், இண்டைக்கு ஒருக்கா வாங்கோ” என்றேன். “நான் சொல்லுறது பிழையெண்டா எல்லாருக்கும் முன்னால எழும்பிச் சொல்லுங்கோ.” அவன் வள்ளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கூடாரத்தில் முதலாளி விடவில்லை. “நேத்து மாதிரியே சொல்லு. ஓடுற வண்டிய ஏன் நிப்பாட்டுறாய்?” என்றார்.

“வண்டி ஒரு ஆளுக்கு மேல ஏறிப்போட்டுது, முதலாளி.”

“இண்டைக்குக் கூட்டம் எழும்பினா?”

“எழும்பினா விடிய நான் மாட்டோட நிப்பன்.”

அவர் கதிரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மெஷின்காரர் எண்ணெய் விட்டுக்கொண்டே, “பாறை காலியா வாற இடத்தில மெதுவாச் சுத்துறன். உனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்” என்றார். அன்றைய வார்த்தைகளை மொத்தமாக எனக்கே செலவழித்துவிட்டார்.

முன்வரிசையில் காசிம் இருந்தான். மீரான் கடைசியாக வந்து வாசல் தடியோடு சாய்ந்து நின்றான். சீலை கட்டி மறைத்த பெண்கள் பக்கத்தில் சபுறா இருப்பாள் என்று எனக்குத் தெரியும். படம் ஓடத் தொடங்கியது. அன்றைக்கு மாய மரத்தையும் செருப்பையும் இரண்டு வரியில் முடித்தேன். பூவையும் மேகத்தையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். தலைப்பாகைக்காரனைத்தான் ஆரம்பத்திலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். தங்கையின் குரல் போன நாளிலிருந்து அவன் சிரித்ததில்லை என்றேன். தங்கைக்காகப் போகிறவனைத் தனியே விட அவனுக்கு மனம் வரவில்லை என்றேன்.

கடல் வந்தது. ராசகுமாரன் குதித்தான். பாறையில் இரண்டு கைகளும் மேலே போயின. கூடாரம் முழுவதும் திரும்பி வாசலில் நின்ற மீரானைப் பார்த்தது. முந்தாநாள் கயிறு கேட்ட அதே குரல், “விட்டிட்டான்” என்றது.

“இல்ல” என்றேன். “நேத்து நான் பிழையாச் சொல்லிப்போட்டன். கண் சரியாப் பாக்கேல்ல. கயிறு அறுந்துபோச்சு. வெறுங்கையைத்தான் தூக்கிப் பாக்கிறான்.”

மெஷின் மெதுவானது. காலிப் பாறை திரையில் அசையாமல் நின்றது.

“பாறையில் ஆளில்லை. எங்கே போனான்? அவனுக்கு நீந்தத் தெரியாது. முத்துக் குளிக்கத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், கீழே நிற்பது தங்கையின் ஆள். குதித்துவிட்டான். கடல் அவனைப் பார்த்தது. நீந்தத் தெரியாமல் குதித்தவனை முழுங்க அதற்கு மனம் வரவில்லை. அவனை மீனாக்கியது.”

திரையில் அந்தப் பெரிய மீன் வந்தது. யாரோ ஒருவர் அல்லாஹ்வின் பெயரை முணுமுணுத்தார். இரண்டு நாளாக எங்கிருந்தோ வந்துகொண்டிருந்த மீன் அன்றைக்குத்தான் ஓர் ஊரிலிருந்து வந்தது. ராசகுமாரனை அது மேலே தள்ளியபோது கூட்டம் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். கலியாணக் காட்சி வந்தது, வாணவேடிக்கை வந்தது. நான் சுபம் சொல்ல வாயெடுத்தேன்.

சீலைக்குப் பின்னாலிருந்து சபுறாவின் குரல் வந்தது. “ராசகுமாரிட நானா எங்க?”

அதை நான் யோசிக்கவேயில்லை. அவனைக் கடலுக்குள் மீனாக விட்டுவிட்டு இங்கே கலியாணச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் காசிமைக் கைவிட்டேன், இன்றைக்கு மீரானை. கடைசிக் காட்சி வந்துவிட்டது. ராசகுமாரன் கடற்கரையில் தனியாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். முதல் நாள் அதைச் சூரியனுக்குச் சலாம் என்றேன், இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்தக் கையைப் பார்த்தேன்.

“கலியாணப் பந்தியில் எல்லோரும் இருந்தார்கள்” என்றேன். “மாப்பிள்ளை மட்டும் இருக்கவில்லை. எழும்பிக் கடற்கரைக்கு வந்துவிட்டான். அந்தக் கையைப் பாருங்கள். இப்போது கயிறு அவன் கையில். மறுமுனை கடலுக்குள். மச்சான் ஏறி வரும்வரை இவன் விடமாட்டான்.”

படம் முடிந்து வெள்ளைச் சீலை தெரிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், நான் மாடுகளை நினைத்தேன். அப்போது காசிம் முன்வரிசையிலிருந்து எழும்பி, ஆட்களை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். மீரானுக்கு முன்னால் நின்றான். கடைசியில், “கயிறு மணலில கிடக்கு, மச்சான். ஈரம் பட்டா உக்கிப்போகும்” என்றான்.

“ஓ, எனக்குத் தெரியாது பார்” என்றான் மீரான். ஆனால் போனான். காசிமும் பின்னால் போனான்.

மறுநாள் பின்னேரம் நான் கரையில் காத்து நின்றேன். அந்த வள்ளம் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தது. இரண்டு பேரும் ஏதோ ஒரு சிப்பிக் கூடைக்காக ஊர் கேட்கச் சண்டை பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மீரானுடைய தோளில் கயிற்றுச் சுருள் கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புக்காற்று என்று சொல்லலாம், ஆனால் அது உப்புக்காற்று இல்லை.

மீரான் என்னைக் கண்டு நின்றான். நன்றி சொல்லப்போகிறான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

“தம்பி, ஒரு பிழை இருக்கு. உங்கட ராசகுமாரன் ஒரு கையாலதான் பிடிச்சிருக்கிறான். கயிறு ரெண்டு கையாலயும் பிடிக்கோணும்.”

“பக்கவாட்டில கீறியிருக்கு, பாய். மத்தக் கை அங்கால இருக்கு.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அப்பச் சரி” என்றுவிட்டு நடந்தான். சலாபம் முடியும்வரை ஒவ்வொரு மாலையும் கடைசிக் காட்சியில் நான் அந்த மற்றக் கையையும் சொல்லாமல் விட்டதில்லை.

உங்கள் கட்டைத் திருப்பி அனுப்புகிறேன். கட்டில் இன்னும் அழகாகப் பறக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வேலைக்காரி கிணற்றடியில் நிற்கிறாள். அதன்பிறகு அவளைக் காணோம். நீங்கள் நாலு பேரும் அவளை மறந்துவிட்டீர்கள். புதிய மாயம் ஒன்றைக் கண்டுபிடிக்க முன்னர், போய் அவளைத் தேடுங்கள். அவளுடைய கையில் கயிறு இருந்தது, நான் பார்த்தேன்.